முதலில் கை, பிறகு படம்

கரும்பலகையில் வரைந்த கனசதுரத்தில் பிள்ளைக்குத் தெரிவது மூன்று முகங்கள்தான். மீதி மூன்றையும் அது மனப்பாடம்தான் செய்யும். 1837இல் மழலையர் பள்ளி தொடங்கிய ஜெர்மானியர் ஃப்ரோபல், மரக் கோளம், உருளை, கனசதுரத்தைக் குழந்தைகளின் கையிலேயே கொடுத்தார். வீட்டில் ரப்பர் பந்து, டார்ச் பேட்டரி, லூடோ பகடை, பிறந்தநாள் தொப்பி போதும். தரையில் தள்ளிவிடச் சொல்லுங்கள்: பந்து எப்படி வைத்தாலும் உருளும், பேட்டரி படுத்தால் உருளும், நிறுத்தினால் நிற்கும், கூம்புத் தொப்பியோ தன் முனையைச் சுற்றியே வட்டமடிக்கும். வளைந்த பரப்பும் தட்டையான முகமும் அங்கேயே பிரிந்துவிடும்.

தேர்வில் படம்தானே வரும், விளையாட நேரமேது என்பார்கள். பற்பசை அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒட்டுமடிப்புகளை வெட்டிவிட்டால் ஆறு செவ்வகங்கள் கண்ணெதிரே கிடக்கும். பத்து நிமிட வேலை. விரலால் தொட்டு 8 முனை, 12 விளிம்பு எண்ணிய பிள்ளைக்குப் படத்தில் மறைந்த முகமும் தெரியும். காலிப் பெட்டியைக் குப்பையில் போடுமுன் பிள்ளையிடம் கொடுங்கள்.