டயர் அளவை மாற்றப் போகும் தம்பிகளுக்கு

ஸ்விஃப்ட் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அகலமான டயர் மேல் ஒரு கண். ஆசைப்படுவதில் தப்பில்லை. கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

1. டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்றிருக்கும். 165 அகலம், மில்லிமீட்டரில். 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் உள்ள 80-ஐத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது மில்லிமீட்டர் இல்லை. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம் என்று கணக்கு.

2. பார்க்க வேண்டியது மொத்த விட்டம். 165-இல் 80 சதவீதம் 132. மேலும் கீழுமாக 264. ரிம் 355.6. கூட்டினால் 619.6 மி.மீ. இதே வண்டியின் உயர் ரகத்துக்குக் கம்பெனி போடுவது 185/65 ஆர்15. அதன் விட்டம் 621.5. அகலம் 20 கூடியும் விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, பாருங்கள்! கடைக்காரர் 195/65 ஆர்15-ஐ எடுத்துப் போட்டால் 634.5 ஆகிவிடும். 2.4 சதவீதம் கூடுதல். மீட்டர் பழைய வேகத்தையே காட்டும், வண்டி அதைவிட வேகமாகப் போகும். மேட்டில் இழுவையும் குறையும். மூன்று சதவீதம் வரை போகலாம் என்பார்கள். சின்ன எஞ்சினுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி.

3. ரிம்மை மாற்ற மனமில்லையா? 185/70 ஆர்14 இருக்கிறது. விட்டம் 614.6. உங்கள் ரிம்மின் அகலத்துக்கு அது ஒத்துவருமா என்று டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. அளவுக்குப் பின்னால் 88எச் என்பது போல ஒன்று வரும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை. பழைய டயரில் இருப்பதைவிட இவை குறையவே கூடாது.

5. அலாய் வீல் என்றால் போல்ட் துளைகள் பொருந்தினால் மட்டும் போதாது, ஆஃப்செட்டும் பொருந்த வேண்டும். மாட்டியதும் நாலு பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்.

6. அகலம் கூடினால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். பக்கச்சுவர் குட்டையானால் குழியில் ரிம் நெளியும். நம் ஊர் மழைக்காலச் சாலைகளைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்?

7. ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால் அது பஞ்சர் கடை வரைக்கும்தான். அளவு மாறியதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போதுள்ள டயரில் இன்னும் பட்டன் இருந்தால், தேயும்வரை அதையே ஓட்டுங்கள் தம்பி.