வெயிலில் போட்டால் போதுமா?

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மொட்டை மாடியில் மெத்தை காயும். தூக்கி வந்தவர் கையைத் திருப்பிப் பார்த்தால் முழங்கை வரை வரிசையாகத் தடிப்பு. சித்திரை வெயில் ஒரு நாள் பட்டால் மூட்டைப்பூச்சி ஒழிந்துவிடும் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை.

பாதி சரி. மூட்டைப்பூச்சிக்குச் சூடுதான் எமன். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடு ஏறி, கொஞ்ச நேரம் நின்றால் பூச்சியும் முட்டையும் தாங்காது. ஆனால் மேல்துணி கொதிக்கிற நேரத்திலும் மெத்தையின் அடிப்பக்கமும் உள்பஞ்சும் அவ்வளவு சூடாவதில்லை. பூச்சி நைசாக நிழல் பக்கம் நகர்ந்துவிடும். சாயங்காலம் மெத்தையோடு அதுவும் அறைக்குத் திரும்பும். கட்டில் சந்தில் இருப்பவை மாடிக்கு வந்ததே இல்லை. கயிற்றுக் கட்டிலைத் தெருவில் சாய்த்து, சட்டத்துத் துளைகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிய பாட்டிகள்தான் உண்மையான நிபுணர்கள். இன்றைய நீராவிக் கருவி செய்வதும் அதையேதான்.

அழுக்கு வீட்டில்தான் வரும் என்பது இன்னொரு பேச்சு. இதனாலேயே பலர் வெளியே சொல்லக் கூசி, பூச்சியை வளரவிடுகிறார்கள். அதற்குத் தேவை ரத்தம். தரை பளபளக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. 2023-இல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சிக்குப் பயந்து ரயில் இருக்கையையும் சினிமா நாற்காலியையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூட்டைப்பூச்சிக்குச் சிறகும் கிடையாது, தாவவும் தெரியாது. பெட்டி, பை, பழைய சோபா என்று பெரும்பாலும் யாராவது சுமந்து வந்துதான் வீட்டுக்குள் நுழையும்.

கொசுவைப் போல இது நோய் பரப்புவதாக இதுவரை நிரூபணம் இல்லை. அரிப்பும் போன தூக்கமும்தான் மிச்சம்.

தடிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் தப்பு. ஒரே படுக்கையில் கணவனுக்கு உடம்பெல்லாம் தடித்திருக்கும், மனைவிக்கு ஒன்றுமே இருக்காது. சிலருக்குக் கடித்துச் சில நாள் கழித்தே தடிக்கும். டார்ச் அடித்து மெத்தையின் தையல் ஓரத்தை விரித்துப் பார்க்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவால் குத்தியது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் ஈரப் பஞ்சால் தேய்க்கலாம். செம்பழுப்பாகப் பரவினால் அது செரித்த ரத்தம், பூச்சியின் எச்சம். பக்கத்திலேயே உரித்துப்போட்ட தோலும், ஒரு மில்லிமீட்டர் அளவு வெள்ளை முட்டைகளும் ஒட்டியிருக்கும். வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதை அளவு. கண்ணுக்குத் தெரியாது என்பது கதை. குஞ்சுதான் வெளிறிப்போய் ஏமாற்றும்.

அடுத்தது மருந்து. டிடிடிக்கு அசையாத மூட்டைப்பூச்சிகளை ஹவாயில் 1947-லேயே பார்த்துவிட்டார்கள். இன்று கடையில் கிடைக்கும் ஸ்பிரே பலவற்றிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துக்கும் பல ஊர்ப் பூச்சிகள் பழகிவிட்டன. அறை முழுக்கப் புகை போட்டாலும் அது சந்துக்குள் நுழைவதில்லை. ஒரு தடவை அடித்துவிட்டு ஓய்வதும் வீண். தப்பிய முட்டைகள் ஒன்றிரண்டு வாரத்தில் பொரிக்கும். அதனால் இரண்டாம் முறை அவசியம்.

வெறுத்துப்போய் சிலர் தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் படுக்கையறைக்குக் கொண்டுவருகிறார்கள். ஈரக்காற்று பட்டால் அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு, பூச்சிக்கு முன்னால் ஆளைக் கொல்லும். சுவர் விரிசல் வழியே அடுத்த அறைக்கும் போகும். வீட்டுக்குள் வைக்கும் நஞ்சு என்ன செய்யும் என்பதற்குக் குன்றத்தூர் சாட்சி. 2024 நவம்பரில் அங்கே ஒரு வீட்டில் எலி மருந்து வைத்த பிறகு இரண்டு குழந்தைகள் இறந்தன.

மாடியில் மெத்தை காயும் நேரத்தில் அறையில்தான் வேலை இருக்கிறது. கட்டிலின் திருகாணிகளைக் கழற்றி, பலகையைக் கவிழ்த்து, ஓட்டைகளில் பழைய ஏடிஎம் கார்டை விட்டுச் சுரண்டினால் பாதிக் குடும்பம் அங்கே உட்கார்ந்திருக்கும்.