சாய்வு புரிய வேண்டுமா? கப்பும் கயிறும் போதும்!

‘சாய்வு’ பாடம் வந்ததும் பல பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒன்று கூடும்போது மற்றொன்று எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பதுதான் சாய்வு. கையால் அளந்து பார்த்த பிள்ளைக்கு இது மறக்காது. வகுப்பிலும் வீட்டிலும் செய்து பார்க்கச் சில வழிகள்:

1. பேப்பர் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு முறையும் மொத்த உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு கப் 9 செ.மீ., இரண்டு 10, மூன்று 11 என்று வந்தால் சாய்வு 1. வரைபடக் கோட்டைப் பின்னால் நீட்டினால் உயர அச்சை 8-இல் வெட்டும். ஒரு கப் இன்னொன்றுக்குள் மறையும் பகுதியின் உயரம்தான் அந்த 8. வெட்டுத்துண்டு என்பது இதுவே.

2. “20 கப் அடுக்கினால்?” என்று கேளுங்கள். 28 செ.மீ. எனக் கணக்குப் போட்ட பிறகு, அடுக்கி அளந்து சரிபார்க்கட்டும்.

3. ஒரு மீட்டர் கயிற்றில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு நீளத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். முடிச்சு கூடக்கூட நீளம் குறையும். கோடு கீழ்நோக்கி இறங்கும். இது எதிர்ச்சாய்வு. தடித்த கயிற்றில் ஒரு முடிச்சுக்கு அதிக நீளம் போவதால் கோடு இன்னும் செங்குத்தாக இறங்கும்.

4. நேரான சுவருள்ள இரண்டு கண்ணாடி ஜாடிகளில், ஒன்று ஒடுக்கம், ஒன்று அகலம், டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி மட்டத்தை அளக்கலாம். ஒடுக்கமான ஜாடிக்கே சாய்வு அதிகம். வயிறு பருத்த ஜாடியில் கோடு வளைந்துவிடும். எல்லா உறவும் நேர்க்கோடு அல்ல என்பதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

5. புள்ளிகள் ஒரே கோட்டில் விழாவிட்டால் அளவைத் திருத்த விடாதீர்கள். ஒரு நூலை இழுத்துப் பிடித்து, புள்ளிகள் இருபுறமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்படி வைத்து, அதையொட்டிக் கோடு வரையட்டும்.

6. இரண்டு கோடுகளை ஒப்பிடும்போது ஒரே அளவுத்திட்டம் அவசியம். அது மாறினால் குறைந்த சாய்வும் செங்குத்தாகத் தெரியும்.

7. விடையை அலகோடு சொல்லப் பழக்குங்கள்: ‘1’ என்று நிறுத்தாமல், ‘ஒரு கப்புக்கு 1 செ.மீ.’

8. பள்ளியில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை அளக்கச் சொல்லுங்கள். 1 அடி உயரம் ஏற, கிடைமட்டமாகக் குறைந்தது 12 அடி இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. ஒருவர் உதவியின்றி ஏற முடிவதும் முடியாததும் இந்த எண்ணைப் பொறுத்தது. சூத்திரத்தை இதற்குப் பிறகு எழுதிக் காட்டுங்கள்.