நடந்தால் மட்டும் எலும்பு வலுக்குமா?

கேள்வி: எனக்கு 63 வயது. வருஷக்கணக்காக உட்கார்ந்து பீடி சுற்றியவள். ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைவு என்கிறார்கள். தினமும் காசி விஸ்வநாதர் கோயில் வரை நடக்கிறேன். போதுமா? சாரலுக்குக் குற்றாலம் போகலாமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: நடையை விடாதீர்கள் அம்மா. ஆனால் அது மட்டும் போதாது.

எலும்புக்குள் பழையதை அரிக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பின் கை ஓங்குகிறது. எலும்பில் புதைந்திருக்கும் செல்கள் சுரக்கும் ஸ்க்ளெரோஸ்டின் என்ற புரதம், கட்டும் வேலையை அடக்கி வைக்கிறது. எலும்பின்மேல் பளு விழுந்தால் அந்தச் சுரப்பு குறையும், கட்டுமானம் நடக்கும். பழகிப்போன நடையில் அந்த அளவு பளு கிடைப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில், மாதவிலக்கு நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வாரம் 2 நாள், 30 நிமிடம், பயிற்சியாளர் மேற்பார்வையில் நல்ல கனம் தூக்க வைத்தார்கள். 8 மாதத்தில் கீழ்முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த ஆய்வு அது. நீங்களாக அப்படித் தூக்கிவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். முதுகை வளைத்துக் குடம் தூக்க வேண்டாம்.

வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள். அது குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் கூடி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும்.

குற்றாலம் தாராளமாகப் போங்கள். வழுக்கும் பாறையில் பேரப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தருவியானாலும் பேரருவியானாலும், தண்ணீர் ஓங்கி விழும் இடத்தில் முதுகைக் கொடுக்காமல் ஓரமாக நின்று குளியுங்கள்.