பாலை நிலமும் சைக்கிள் யாத்திரையும்

பாலை என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், நீரற்ற நிலமும், நிழலற்ற வழியும், அவ்வழியே பொருள்தேடப் பிரியும் தலைவனும் தமிழ் பயில்வோர் உள்ளத்தில் தோன்றுதல் இயல்பு. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரத்தாற் பெறப்படும் கருத்து. மழை பெய்தால் அந்நிலம் மீண்டும் தளிர்க்கும். ஆனால் ஆண்டு முழுவதும் பாலையாகவே நிற்கும் நிலங்களும் உலகில் உள. அவற்றை வெறும் பாழ் என்று ஒதுக்குதல் தகுமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள். இதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யூட்டா மாகாணத்தில், நண்பர் குழுவினர் சைக்கிளிற் சென்று கூடாரமடித்துத் தங்கும் ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம்.

இடமும் பாதையும்

கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் கூடுமிடத்தைச் சூழ்ந்த பாறை நாடு, 1964-ஆம் ஆண்டில் கேனியன்லாண்ட்ஸ் என்னும் பெயரால் தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்டது. இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடையே உயர்ந்து நிற்கும் மேட்டுநிலத்தை அந்நாட்டார் 'வானத்துத் தீவு' என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். அம்மேட்டின் உச்சியினின்று ஏறத்தாழ 1,200 அடி கீழே, வெண்ணிற மணற்பாறை ஒரு பெருந்திண்ணைபோல் நீண்டு கிடக்கிறது. அத்திண்ணை வழியாக மேட்டைச் சுற்றி வருவதே ஒயிட் ரிம் என்னும் பாதை. அதன் சுற்றளவு சுமார் 100 மைல்.

இப்பாதை உல்லாசத்திற்காக உண்டானதன்று. 1950-களில், அணு ஆயுதத்திற்கு வேண்டிய யுரேனியத்தைத் தேடும்பொருட்டு அரசாங்கத்தின் அணுசக்திக் கமிஷன் அமைப்பித்த வழி இது. தேடியவர்க்கு அங்கே மிகுதியாக ஒன்றும் கிடைக்கவில்லை. பொருள்தேடி வந்தவர் போயினர். அவர் வகுத்த வழிமட்டும் நின்றது.

வண்டியும் துணையும்

சாதாரணச் சைக்கிள் இவ்வழிக்குப் பயன்படாது. 1970-களில் கலிபோர்னியா மாகாணத்து இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களைத் திருத்தி, மலைச்சரிவுகளில் இறங்கும் விளையாட்டைத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்ததே மலைச் சைக்கிள். அகன்ற டயர், உறுதியான பிரேக், செங்குத்தான ஏற்றத்திலும் மிதிக்கத்தக்க பல்சக்கர அமைப்பு ஆகியவை அதன் சிறப்புக்கள்.

பெரும்பாலோர் இப்பாதையை மூன்று நான்கு நாட்களிற் சுற்றி முடிப்பர். கோடையில் வெயில் நூறு டிகிரியைக் கடந்துவிடும். ஆதலின் வசந்த காலமும் இலையுதிர் காலமுமே இதற்கு ஏற்றவை. அப்போதும் ஒரே நாளிற் பகலுக்கும் இரவுக்கும் இடையே 40 டிகிரிவரை வேற்றுமை உண்டாதல் கூடும். பகலில் நிழலுக்கு ஏங்கியவனே இரவிற் கம்பளிக்கு ஏங்குவான். நண்பர்கள் சைக்கிளில் முன்செல்ல, நீரையும் உணவையும் கூடாரங்களையும் சுமந்து ஒரு மோட்டார் வண்டி பின்வருதல் வழக்கம். அதை ஓட்டும் பொறுப்பை அவர்கள் முறைவைத்து மாற்றிக்கொள்வர். விரைந்து செல்ல வல்லவனும் தன்முறை வரும்போது மிதிப்பதை விட்டு வண்டியில் அமரவேண்டும். ஏற்றத்தின் உச்சியை முதலில் அடைந்தவன், இறுதியில் வருபவனுக்காகக் காத்திருக்கவேண்டும். ஆளரவமற்ற இடத்தில் ஒருவனைப் பின்னே விட்டுச் செல்வது விளையாட்டாகாது.

நீர்

இப்பகுதியில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 9 அங்குலமே. பாதை நெடுகிலும் குடிநீர் கிடைப்பதில்லை. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு காலனேனும் கொண்டுசெல்ல வேண்டுமென்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்கு வேண்டிய அளவே சேர்த்ததை வேதாகமத்தில் வாசிக்கிறோம். அளவறிந்து உண்ணும் அப்பாடத்தைப் பாலைநிலம் இன்றும் கற்பித்துக்கொண்டிருக்கிறது.

மழைக்குப்பின் பாறைக் குழிகளில் நீர் தேங்கும். வழிநடந்து களைத்தவனுக்கு முகம் கழுவும் ஆசை எழலாம். ஆனால் அச்சிறு குழிகளில் நுண்ணிய இறால் இனங்கள் வாழ்கின்றன. நீர் வற்றியபின் அவற்றின் முட்டைகள் உலர்ந்த மண்ணிற் பல்லாண்டு கிடந்து, அடுத்த மழையிற் பொரிக்கும். நம் உடம்பிற் பூசிய தைலம் சிறிது கலந்தாலும் அக்குழி வாழ்வுக்குத் தீங்காம்.

உயிருள்ள மண்

இனி, இந்நிலத்தின் தலையாய அற்புதத்தைக் காண்போம். பாதையின் ஓரத்தில், கருகிய அப்பம் போலக் கறுத்து, மேடும் பள்ளமுமாய்ப் பொருக்கு விட்டிருக்கும் மண்ணைக் காணலாம். அறியாதார் அதைச் செத்த மண் என்பர். உண்மையில் அது பல உயிர்கள் கூடி நெய்த ஆடை. கண்ணுக்குப் புலப்படாத நீலப்பச்சை நுண்ணுயிர்கள், மழை நனைக்கும்போது விழித்தெழுந்து மண்ணூடே ஊர்ந்து, பசையுள்ள நுண்ணிழைகளை விட்டுச் செல்கின்றன. அவ்விழைகள் மணலை மணலோடு பிணைக்கின்றன. பின்னர்ப் பாசியும் லைக்கன் என்னும் கற்பாசியும் அதன்மேல் வளர்கின்றன. இப்பொருக்கு காற்று மண்ணை வாரிச் செல்லாமற் காக்கிறது; மழைநீரைப் பிடித்துவைக்கிறது; காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகளுக்கு உரமாக்குகிறது. புல்லும் புதரும் வேரூன்றுவது இதன் தயவால்.

இத்துணை அரிய பொருள் ஒரு காலடியில் நொறுங்கும். சைக்கிள் சக்கரமோ அதனினும் கொடிது. காலடிபோல விட்டுவிட்டுப் பதியாமல் ஒரே கோடாக அறுத்துச் செல்கிறது. அக்கோட்டின் வழியே மழைநீர் ஓடி, சுவடு வாய்க்காலாகிறது. நொறுங்கிய பொருக்கின் மேல் மெல்லிய படலம் உண்டாகவே ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும்; முழுவதும் தேற 50 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். பத்தொன்பது வயதில் ஒருவன் வேடிக்கையாக வழிதவறி ஓட்டிய சுவடு, அவன் முதியவனாகும்போதும் அங்கே கிடக்கும்.

கேடு அவ்விடத்தோடு நிற்பதுமில்லை. காப்பிழந்த புழுதி காற்றிலேறி ராக்கி மலைகளின் பனிமேற் படிகிறது. கறுத்த பனி வெயிலை மிகுதியாக ஏற்றுக் காலத்திற்கு முன்னரே உருகிவிடுகிறது. அப்பனியே கொலராடோ ஆற்றுக்கு ஊற்று. அவ்வாற்றை நம்பி வாழ்வோர் ஏறத்தாழ நான்கு கோடி மக்கள்.

ஓர் ஆட்சேபமும் விடையும்

அங்ஙனமாயின், அந்நிலத்தை மனிதர் மிதியாமல் விடுவதே நன்றன்றோ என்று சிலர் வினவலாம். ஓரளவுக்கு அஃது உண்மையே. அதனாலேயே அனுமதிச் சீட்டின்றி அவ்வழியிற் செல்லலாகாது என்றும், குறித்த இடங்களிலன்றிக் கூடாரமடிக்கலாகாது என்றும், தீ மூட்டலாகாது என்றும் விதித்திருக்கின்றனர். எனினும், ஒருவரும் காணாத நிலத்திற்காகப் பரிந்து பேசுவாரும் இரார். பாழ் என்று பெயர்பெற்ற நிலத்தையன்றோ, யுரேனியம் தேடியவர் தயக்கமின்றிக் கீறினர்! அந்தப் பழைய வடுவின் மேலேயே சைக்கிளை ஓட்டி, புதிய வடு ஒன்றையும் உண்டாக்காமல் மீள்பவனே அந்நிலத்தின் உண்மை நண்பன்.

இதற்கு வேண்டுவது பெருவீரமன்று, சிறு அடக்கமே. பாதையில் மணல் ஆழமாயிருப்பின், ஓரத்துக் கெட்டி மண்ணில் ஏறிச் செல்ல எவர்க்கும் மனம் எழும். ஒருவன் ஏறினால் அவன் பின்னே பதின்மர் ஏறுவர். அப்போது இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு மணலிலேயே நடப்பவனைப் பாராட்ட அங்கே ஒருவரும் இலர்.

நம் கல்லூரி நண்பர்களும் விடுமுறைதோறும் சைக்கிளேறி மலையையும் கடற்கரையையும் நாடிச் செல்வதுண்டு. செல்லும் நிலம் பசுமையாயினும் வறண்டதாயினும், அதனைப் பாழ் என்று துணியுமுன் ஒருமுறை குனிந்து பார்ப்போமாக.