கூட்டலைச் சரிபார்த்த பேராசிரியர்

இரவு கல்லாவை எண்ணும்போது கணக்கு உதைத்தால், சிட்டையை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி கூட்டுகிறோம். இதே வழக்கத்தை நாடுகளின் கணக்கிலும் கடைப்பிடித்தவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ராபர்ட் பொலின். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் 1998-ல் அரசியல் பொருளாதார ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர்.

நாட்டின் கடன், ஓராண்டு மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால், வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதமாகிவிடும் என்று பொருளியல் அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-ல் எழுதினர். அரசுச் செலவை வெட்டச் சொன்னவர்களுக்கு இது பெரிய ஆதாரமாயிற்று. தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்தக் கணினிக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்து நாடுகள் கூட்டலில் விட்டுப்போயிருந்தன. வேறு குறைகளும் இருந்தன. ஹெர்ண்டன், மைக்கேல் ஆஷ், பொலின் மூவரும் 2013-ல் வெளியிட்ட திருத்தக் கணக்கில் வளர்ச்சி 2.2 சதவீதம்! கடன் கூடிய நாடுகளில் வளர்ச்சி சற்றுக் குறைவுதான்; ஆனால் வீழ்ச்சி இல்லை.

தூய எரிசக்தி பற்றி 2015-ல் எழுதிய நூலிலும் இதே முறைதான். மின் சிக்கனத்துக்கும் சூரிய ஒளி, காற்று போன்றவற்றுக்கும் ஆண்டுக்கு எவ்வளவு முதலீடு வேண்டும் என்று கணக்கிட்டு, உலக உற்பத்தியில் சுமார் 1.5 சதவீதம் என்றார்.

தொழிலாளர் ஊதியம் பற்றி ஸ்டெஃபனி லூஸுடன் எழுதிய நூல் 1998-ல் வந்தது. கூலி உயர்வை மட்டும் தனியே பார்த்து மிரளாமல், அது மொத்த விற்பனையில் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. நம் கடைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். மாத விற்பனை 6 லட்சம். இரண்டு பணியாளருக்குத் தலா 1,500 ரூபாய் கூட்டினால் செலவு 3,000. நூறு ரூபாய் விற்பனைக்கு 50 காசு. பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் நூற்றுக்கு 3 ரூபாய் மட்டுமே நிகர லாபம் நிற்கும் கடையில், அதில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே விற்பனை, லாபம் இரண்டோடும் ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியின் மின் கட்டணம், வங்கிக் கடன் வட்டி ஆகியவற்றையும் இவ்வாறே பார்க்கலாம். இம்மாதப் பேரேட்டை முடிக்கும்போது உறுப்பினர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டுகிறோம். விட்டுப்போன வரி ஏதேனும் உண்டா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.