சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியைக் குறை சொல்வதை முதலில் நிறுத்துங்கள்

"சார்ஜ் ஏறல, பேட்டரி போயிடுச்சு. புதுசு ஒண்ணு போட்டுடுங்க." காஞ்சிபுரத்தில் என் செல்போன் பழுதுபார்க்கும் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்கள் நோயின் பெயரையும் சொல்லி, மருந்துச் சீட்டையும் தாங்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளையார்பாளையத்துக்காரரும் இதைத்தான் சொல்கிறார், சின்ன காஞ்சிபுரத்துக்காரரும் இதைத்தான் சொல்கிறார். யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்துத் தறிக்காரர், மச்சான், டீக்கடையில் யாரோ. பேட்டரியைச் சோதித்துப் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

இது தவறான நம்பிக்கை. காசைத் தின்கிற நம்பிக்கையும்கூட.

தளர்ந்துபோன பேட்டரி எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ராத்திரி வரை நின்ற சார்ஜ் மதியமே இறங்கிவிடும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் பொசுக்கென்று அணையும். முற்றினால் உப்பிக்கொண்டு பின்மூடியைத் தள்ளும். கொள்ளளவு குறைந்துபோனதால் அது சீக்கிரம் நிறையும், சீக்கிரம் காலியாகும். ஏறவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதும், ஒயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் ஏறுவதும், விட்டு விட்டு ஏறுவதும் பெரும்பாலும் பேட்டரியின் குணம் அல்ல. அவை அநேகமாக மின்சாரம் வருகிற வழியில் இருக்கிற கோளாறு. குழாயில் அடைப்பு இருக்கும்போது தண்ணீர்த் தொட்டியை மாற்றி என்ன பயன்?

பேட்டரியின் ஆயுளும் அத்தனை அற்பமில்லை. 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் தன் பழைய போன்களுக்குச் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று. இப்படி இருக்க, வாங்கி எட்டே மாதமான போனுக்குப் பேட்டரி மாற்றச் சொல்லி வருகிறவரிடம் கோபப்படாமல் என்ன செய்வது?

அடைப்பு எங்கே என்றால், பெரும்பாலும் நம் ஊர் நெசவுத் தொழிலில்தான். டைப் சி துளைக்குள் இரண்டு வரிசையாக 24 தொடுமுனைகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் அரை மில்லிமீட்டர். நெசவாளியின் போன் தறிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, இல்லையென்றால் லுங்கி மடிப்பில் இருக்கிறது. பட்டுப் பிசிறு உள்ளே போகிறது. பின்னைச் செருகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிசிறை நாமே உள்ளே தள்ளி, அடியில் அழுத்தி, கெட்டியான மெத்தையாக ஆக்கிவிடுகிறோம். பிறகு பின் முழுதாக இறங்குவதில்லை. அவ்வளவுதான் விஷயம். சட்டைப் பையில் போனோடு திருநீற்றுப் பொட்டலத்தையும் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

ஜரிகை இன்னும் மோசம். அசல் ஜரிகை என்பது பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். மலிவு ஜரிகையில் இருக்கும் செம்பும் அதற்கு அதிகம் சளைத்ததில்லை. அதில் ஒரு துணுக்கு இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவே விழுந்தால், தண்ணீரே படாத போன் 'ஈரம் இருக்கிறது' என்று எச்சரிக்கும், அல்லது சார்ஜை நிறுத்திவிடும். போன் செய்வது சரிதான். அதைப் பார்த்துப் பேட்டரியைப் பழிப்பதுதான் தவறு.

அண்மையில் ஒரு பெரியவர் வந்தார். "பேட்டரிக்கு எவ்வளவு தம்பி ஆகும்?" வேறொரு கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். போனை அணைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, மூங்கில் பல்குச்சியால் மெதுவாகக் கிளறினேன். அரக்கு நிறத்தில் ஒரு பிசிறுக் கட்டி வந்தது. அதற்குள் கொஞ்சம் பச்சை, நடுவில் மினுங்கிக்கொண்டு இரண்டு ஜரிகைத் துணுக்கு. பெரியவர் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "இது போன மாசம் அறுத்த சேலை தம்பி. அரக்கு உடம்பு, பச்சை பார்டர்." பின்னைச் செருகியதும் டக்கென்று உட்கார்ந்தது, சார்ஜ் ஏறியது. பேட்டரி மேல் ஒரு தப்பும் இல்லை.

வீட்டிலேயே செய்யலாம். போனை முழுதாக அணையுங்கள். டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். காய்ந்த மரப் பல்குச்சி, காய்ந்த பல்துலக்கும் பிரஷ், இவை போதும். டைப் சி துளையின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று உண்டு. அதைத் தொடாமல் சுற்றிலும் சுரண்டுங்கள். ஊக்கு வேண்டாம், தையல் ஊசி வேண்டவே வேண்டாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். சுத்தம் செய்தும் ஏறவில்லையா? பிளக்கை வேறு பாயின்ட்டில் மாட்டிப் பாருங்கள், பிறகு வேறு ஒயர், பிறகு வேறு அடாப்டர். ஒயரில்லாச் சார்ஜ் வசதி உள்ள போன் என்றால் அதில் வைத்துப் பாருங்கள். அப்படி வைத்து ஏறினால் பேட்டரி நிரபராதி. இத்தனைக்கும் பிறகு கடைக்கு வந்தால், பேட்டரியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு சிசி போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜிங் பின் உட்கார்ந்திருக்கும் சின்னப் பலகை அது. பல போன்களில் தனியாகக் கழற்றி மாற்றலாம்.

பேட்டரிமேல் இந்தச் சந்தேகம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு, மறுக்கவில்லை. 2007 ஆகஸ்டில் நோக்கியா தன் பிஎல் 5சி பேட்டரிகளில் 4.6 கோடியைப் பற்றி எச்சரிக்கை விட்டது. சார்ஜ் ஏறும்போது சூடாகக்கூடும், வேண்டுமானால் மாற்றித் தருகிறோம் என்றது. நம் ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. உலகம் முழுக்கச் சூடானதாகப் பதிவானவை ஏறக்குறைய 100 பேட்டரிகள்தான். 2016இல் சாம்சங்கின் நோட் 7 நிஜமாகவே தீப்பிடித்தது. அந்த இரண்டும் குறிப்பிட்ட பேட்டரிகளில் இருந்த தயாரிப்புக் குறைகள். அவற்றை வைத்து உலகத்துப் பேட்டரிகளையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. முழுசாகக் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டுமா? அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பேச்சு, லித்தியத்துக்குப் பொருந்தாது. ராத்திரி முழுக்கப் போட்டால் வெடிக்குமா? நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். அதிக வாட் சார்ஜர் போனை எரித்துவிடுமா? போன் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் வரும். நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பதா? வேண்டாம் என்று ஆப்பிளே 2024இல் சொல்லிவிட்டது. அரிசி மாவு துளைக்குள் ஈரத்தோடு சேர்ந்தால் கஞ்சி. நூலுக்குக் கஞ்சி போடுகிற ஊரில், காய்ந்தால் அது எப்படி விறைக்கும் என்று நான் சொல்லித் தர வேண்டுமா? கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பாட்டு ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறாமல் நிற்பதும் கோளாறு அல்ல. சூடு தாங்காமல் போன் தன்னைக் காத்துக்கொள்கிறது, நிழலில் ஆறவிடுங்கள்.

நிஜமாகப் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தறிக்கு மேலே ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கும் பிளக் பாக்ஸ். துளை தளர்ந்து, கறுத்து, அடாப்டரைச் செருகினால் பொறி பறக்கிறது. விட்டு விட்டுச் சார்ஜ் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். குழித்தறியில் உட்கார்ந்தவரின் கால் மண் குழிக்குள் இருக்கிறது, ஐப்பசி மழையில் அந்த மண் ஈரமாக இருக்கிறது. கையில் மலிவு சார்ஜரோடு இணைந்த போன். அந்தச் சார்ஜருக்குள் மின்கசிவு இருந்தால் அது போக வழி அவர் உடம்புதான். சார்ஜரில் ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டு அசலா என்று சரிபார்க்கலாம். சார்ஜ் ஏறும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் இறங்காதீர்கள்.

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. அந்த மின்சாரம் வந்து சேருகிற பாயின்ட் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உறுப்பினர் வீட்டுத் தறிக்கூடம் ஒவ்வொன்றிலும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள சுவர் சாக்கெட் ஒன்றும், எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் இந்த ஐப்பசி பிறப்பதற்குள் போட்டுக்கொடுங்கள்.